கவனிக்க வேண்டியவர் யார்? - சாலையும், பார்வையற்ற, செவிகேளாச் சிறாரும்

முன்னுரை

தொடக்கப் பள்ளியில் நாம் பயின்ற முதல் சாலைப் பாடம் மூன்றே சொற்களால் ஆனது. ‘நில், கவனி, செல்’ என்பதே அது. சிவப்புக்கு நில், மஞ்சளுக்குக் கவனி, பச்சைக்குச் செல் என்று வண்ணத்தாள் ஒட்டிய அட்டைகளைக் கையில் ஏந்தி ஆசிரியர் கற்பித்தார். நாமும் உரத்த குரலில் திருப்பிச் சொன்னோம். நடுவில் நிற்கும் ‘கவனி’ என்னும் சொல் எத்துணைப் பெரிய சொல் என்பதை அன்று நாம் உணர்ந்தோமில்லை. கண்ணால் பார், செவியால் கேள் என்னும் இரண்டு கட்டளைகளை அது தன்னுள் அடக்கிக் கொண்டிருக்கிறது. பார்வையற்ற குழந்தைக்கு அதில் ஒரு பாதி இல்லை. செவிகேளாத குழந்தைக்கு மற்றொரு பாதி இல்லை. இரண்டு புலன்களையும் இழந்த குழந்தைக்கோ அச்சொல் முழுவதுமே எட்டாததாகி விடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பேருந்து நிறுத்தம் ஒன்றில் நாம் கண்ட காட்சி இன்றும் நெஞ்சை விட்டு அகலவில்லை. பள்ளிச் சீருடை அணிந்த சிறுவன் ஒருவன், பத்து வயதிருக்கும், சாலையோரமாக நடந்து சென்று கொண்டிருந்தான். பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது, மீண்டும் அடித்தது, அவன் விலகவில்லை. இறுதி நொடியில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். அவனது புத்தகப் பையை உரசியபடி வண்டி நின்றது. சன்னல் வழியே தலையை நீட்டி, ‘ஏன்டா, காது செவிடா?’ என்று அவர் கத்தினார். திரும்பிய சிறுவன் அவருடைய வாயசைவைப் பார்த்தான். தன் காதைத் தொட்டுக் காட்டி, ‘இல்லை’ என்று கையை அசைத்தான். வசையாகச் சொன்னது உண்மையாகவே இருந்தது. ஓட்டுநர் பேச்சற்றுப் போனார். அங்கு நின்ற நாமும் அவ்வாறே ஆனோம்.

அந்த ஓட்டுநர் கொடியவர் அல்லர். ஹாரன் ஒலி கேட்டால் எவரும் விலகுவர் என்று நம்பியவர், அவ்வளவே. நம்முள் பெரும்பாலோரும் அப்படி நம்புகிறவர்களே. அந்த நம்பிக்கை சரியானதுதானா? சாலையில் எச்சரிக்கப்பட வேண்டியவர் நடக்கும் குழந்தையா, ஊர்தியைச் செலுத்துபவரா? இவ்வினாவை மனத்திற்கொண்டு, சாலை எச்சரிக்கைக் குறிகளின் வரலாற்றையும், அவை இச்சிறார்க்கு எவ்வளவு உதவுகின்றன என்பதையும், இன்னும் செய்ய வேண்டுவன எவை என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

எச்சரிக்கைப் பலகையின் தோற்றம்

மோட்டார் ஊர்திகள் நாட்டெல்லைகளைக் கடந்து ஓடத் தொடங்கியபோது, மொழி தெரியாத ஓட்டுநருக்கும் புரியும் குறிகள் தேவைப்பட்டன. 1909ஆம் ஆண்டு பாரிசில் கூடிய நாடுகள் நான்கு இடர்களுக்குக் குறிகள் வகுத்தன. மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, இருப்புப்பாதைக் கடப்பு என்பன அந்நான்கு. நான்கும் ஊர்திக்கு வரக்கூடிய இடர்கள் என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். ஊர்தியால் பிறர்க்கு வரக்கூடிய இடர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. நடந்து செல்லும் மனிதரும் பள்ளிக் குழந்தைகளும் பின்னரே பலகைகளில் ஏறினர்.

1968ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான சாலைக் குறிகள் பற்றிய உடன்படிக்கை, எச்சரிக்கைப் பலகைக்கு இரண்டு வடிவங்களை ஏற்றது. சிவப்புக் கரையிட்ட முக்கோணம் ஒன்று. சாய்சதுர மஞ்சள் பலகை மற்றொன்று. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் ஊர்திகள் சட்டத்தின் முதல் அட்டவணை, சாலைக் குறிகளைக் கட்டாயக் குறி, எச்சரிக்கைக் குறி, தகவல் குறி என மூவகையாகப் பகுக்கிறது. வட்டம் ஆணையிடும்; முக்கோணம் எச்சரிக்கும்; நீள்சதுரம் தகவல் தரும். பள்ளிக்கு அருகில் நாம் காணும் முக்கோணப் பலகை இவற்றுள் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இக்குறிகள் யாவற்றுக்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. இவை கண்ணோடு மட்டுமே பேசுகின்றன; அதிலும் ஓட்டுநரின் கண்ணோடு பேசுகின்றன. பார்வையற்ற குழந்தைக்காக நடப்படும் பலகையை அக்குழந்தை என்றுமே காணப் போவதில்லை. இதில் குறையொன்றும் இல்லை; பலகை அதற்காகவே நடப்படுகிறது. ஆயின் பலகையின் முழுப் பயனும் ஓட்டுநர் அதனைப் படிப்பதையே சார்ந்துள்ளது என்பதை மறத்தலாகாது. அவர் படிக்கத் தவறினால், குழந்தையைக் காக்கும் ஆற்றல் அப்பலகைக்கு அணுவளவும் இல்லை.

நான்கு கரும்புள்ளிகள்

இதற்குத் தக்க சான்றொன்று அண்மைக் காலத்தில் நம் அண்டை மாநிலத்தில் கிடைத்தது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பெங்களூரு ஒயிட்பீல்டு பகுதியில் ஓப்ஃபார்ம் சந்திப்பருகே நிற்கும் பலகையொன்றைப் படம்பிடித்து, ‘இது என்ன குறி?’ என்று ஒருவர் போக்குவரத்துக் காவல்துறையிடம் பொதுவெளியில் வினவினார். சிவப்புக் கரையிட்ட வெள்ளை முக்கோணம். அதனுள் நான்கு கரும்புள்ளிகள். வேறு படமோ எழுத்தோ இல்லை. பார்வையற்றோர் சாலையில் நடமாடக்கூடும் என எச்சரிக்கும் குறி அது என்றும், அங்குப் பார்வையற்றோர் பள்ளி இருப்பதால் நடப்பட்டுள்ளது என்றும் காவல்துறை விடையளித்தது. அப்படத்தைக் கண்ட பலர் இக்குறியை இதுவரை அறிந்ததில்லை என்று வியந்தனர்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் வேடிக்கைச் செய்தியாகப் படித்துக் கடந்தனர். ஆயின் ஆழ்ந்து நோக்கின் இதில் வேடிக்கை ஏதுமில்லை. பார்வையுடையோர் படிப்பதற்காகப் பார்வையற்றோர் பொருட்டு நடப்பட்ட பலகை அது. அதனைப் பார்வையுடையோரே படிக்க அறியாதிருந்தனர். எழுத்தறியாதவன் முன் வைத்த ஏடு போல அப்பலகை நின்று கொண்டிருந்தது. செருமனி நாட்டில் மஞ்சள் நிறத்தின்மேல் மூன்று கரும்புள்ளிகள் பார்வையற்றோரைக் குறிக்கும். புள்ளி மூன்றோ நான்கோ, அதன் பொருள் மக்கள் மனத்தில் பதிந்திருந்தாலன்றி அது வெறும் கோலமேயாகும்.

பொருள் தெரிந்த பலகைகளின் நிலையும் எல்லாவிடத்தும் சிறப்பாக இல்லை. நாம் நாள்தோறும் செல்லும் சாலையில் பள்ளிப் பலகை ஒன்றுண்டு. அதன் மேற்பகுதியை வேப்பங்கிளை மறைத்திருக்கும். கீழ்ப்பகுதியில் காதணி விழாச் சுவரொட்டி ஒட்டியிருக்கும். பலகையை நட்டவுடன் கடமை முடிந்தது என்று எண்ணும் நம் பொது வழக்கத்திற்கு அதுவே எடுத்துக்காட்டு.

செவிகேளாக் குழந்தையின் தனித்துயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியிருப்புத் தெருக்கள் சிலவற்றில், ‘காது கேளாத குழந்தை’ இருப்பதை அறிவிக்கும் மஞ்சள் பலகையைக் காணலாம். பெற்றோர் வேண்டிக்கொண்டதற்கிணங்க உள்ளூர் நிர்வாகத்தினர் அதனை நடுவர். பார்வையற்ற குழந்தைக்கும் இத்தகைய பலகைகள் உண்டு. நல்லெண்ணத்தில் விளைந்த வழக்கம் இது. ஆயினும் சாலைப் பொறியியலார் இதில் இரண்டு இடர்ப்பாடுகளைச் சுட்டுவர். குழந்தை வளர்ந்து வெளியூர் சென்ற பின்னரும், குடும்பமே வீடு மாறிய பின்னரும் பலகை நின்றுகொண்டேயிருக்கும். நாள்தோறும் அவ்வழியே செல்வோர், பலகையைக் கண்டும் குழந்தையைக் காணாமையால், அதனைப் பொருட்படுத்தாத பழக்கத்தைப் பெறுவர். மற்றொன்று, பலகை நிற்கிறது என்னும் துணிவில் பெற்றோரின் விழிப்பும் தளரக்கூடும்.

இதனினும் பெரிய இடர்ப்பாடு, செவிகேளாமை கண்ணுக்குத் தெரியாத குறை என்பதாகும். பார்வையற்ற சிறுமியின் கையிலுள்ள கோல் அவளைப் பற்றிப் பிறர்க்கு உணர்த்திவிடும். செவிகேளாத சிறுவன் பின்னாலிருந்து நோக்குவார்க்கு ஏனைய சிறுவரைப் போன்றே தோன்றுவான். அவன் ஓடுவான், குதிப்பான், மிதிவண்டி ஓட்டுவான். ஹாரன் ஒலிக்கு அவன் விலகாதபோது, ஓட்டுநர் அதனைப் பிடிவாதம் என்றே கொள்வார்.

நம் நாட்டுச் சாலைகளில் இக்குறை மேலும் கொடிதாகிறது. லாரிகளின் பின்புறத்தில் ஹாரன் அடிக்குமாறு வேண்டும் வாசகம் எழுதப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஹாரனை நாம் எச்சரிக்கையாக மட்டும் பயன்படுத்துவதில்லை. வழியுரிமைச் சீட்டாகவே பயன்படுத்துகிறோம். ‘ஒலி எழுப்பிவிட்டேன், இனி விலக வேண்டியது அவன் பொறுப்பு’ என்பது நம் ஓட்டுநர் பலரின் எழுதாச் சட்டம். செவிகேளாத குழந்தைக்கு இச்சட்டம் தீர்ப்புக் கூறிவிட்டுப் பின்னர் வழக்கை விசாரிப்பது போன்றதாகும். ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகள், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதிப் பகுதியாக அறிவிக்க இடந்தருகின்றன. ஹாரன் அடிக்கக் கூடாத இடத்தில் ஓட்டுநருக்கு எஞ்சும் ஒரே வழி வேகத்தைக் குறைப்பதுதான். செவிகேளாதோர் பள்ளியின் முன் வேண்டுவதும் அதுவே.

வெண்கோல் என்னும் நடமாடும் குறி

நட்ட இடத்திலேயே நிற்கும் பலகைக்கு மாறாக, குழந்தையோடு கூடவே நடந்துவரும் எச்சரிக்கைக் குறி ஒன்றுண்டு. வெண்கோலே அது. 1921ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், விபத்தில் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்பார், ஊர்திகள் பெருகிய தெருவில் தம்மைப் பிறர் எளிதிற் காணும்பொருட்டுத் தம் கைத்தடிக்கு வெண்ணிறம் பூசினார். அமெரிக்காவின் பியோரியா நகரில் 1930ஆம் ஆண்டு, வெண்கோல் ஏந்தியோர்க்குச் சாலையைக் கடக்கும் முன்னுரிமையை நகரச் சட்டமே வழங்கியது. 1944ஆம் ஆண்டில், போரில் பார்வையிழந்த வீரர்க்குப் பயிற்சியளித்த ரிச்சர்டு ஹூவர், நீண்ட கோலைக் கொண்டு தரையைத் தடவி நடக்கும் முறையை வகுத்தார். வலக்கால் முன்வைக்கும்போது கோல் இடப்புறம் தொடும். இடக்கால் முன்வைக்கும்போது வலப்புறம் தொடும். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே அறிந்து சொல்லிவிடும். 1964ஆம் ஆண்டு முதல் அக்டோபர் 15ஆம் நாள் வெண்கோல் நாளாகப் போற்றப்படுகிறது.

இரண்டு கடமைகளை அக்கோல் ஒருங்கே ஆற்றுவதைக் காண்க. ஏந்தியவர்க்கு அது தரையைப் பற்றிச் சொல்கிறது; எதிரே வருபவர்க்கு ஏந்தியவரைப் பற்றிச் சொல்கிறது. நம் நாட்டில் பழகுநர் உரிமத் தேர்வில் கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று இதனைப் பற்றியதே. வெண்கோல் ஏந்திய பார்வையற்றவர் சாலையைக் கடந்தால் ஓட்டுநர் என்செய்ய வேண்டும்? ஹாரன் அடித்துச் செல்க என்பது விடையன்று. மெதுவாகச் செல்க என்பதும் விடையன்று. அவ்வெண்கோலையே ‘நில்’ என்னும் சாலைக் குறியாகக் கொண்டு ஊர்தியை நிறுத்துக என்பதே சரியான விடை. தேர்வு அறையில் இவ்விடையைக் குறித்து உரிமம் பெற்றோர் எண்ணிறந்தோர். தெருவில் அதனைக் கடைப்பிடிப்போர் எத்தனைபேர் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலும் கையும் படிக்கும் சாலை

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியர், தொடுவுணர்வையே முதலறிவாக வைத்தார். சுவையும் மணமும் அடுத்து வர, காட்சி நான்காவதாகவும் கேள்வி ஐந்தாவதாகவும் அமைந்தன. நம் சாலைகளோ நான்காம் அறிவோடும் ஐந்தாம் அறிவோடும் மட்டுமே பேசப் பழகியவை. எல்லா உயிர்க்கும் பொதுவான முதலறிவோடு சாலையைப் பேசவைக்க முடியும் என்று காட்டியவர் சப்பானியர் ஒருவர்.

அந்நாட்டின் ஒகயாமா நகரைச் சேர்ந்த செய்இச்சி மியாகே, பார்வை குன்றிவந்த நண்பருக்கு உதவும் எண்ணத்தோடு, மேடு பதித்த தரைக்கற்களை 1965ஆம் ஆண்டு உருவாக்கினார். 1967ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் ஒகயாமா பார்வையற்றோர் பள்ளியின் அருகிலுள்ள சாலையில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று உலகெங்கும் இரயில் நிலையங்களிலும் நடைபாதைகளிலும் நாம் காணும் மஞ்சள் ஓடுகள் அக்கற்களின் வழிவந்தவையே. அவற்றுள் இருவகை உண்டு. நீண்ட வரிமேடுகள் ‘இவ்வழியே செல்’ என்பன. வட்டப் புள்ளிமேடுகள் ‘நில், முன்னே இடருண்டு’ என்பன. ‘நில்’, ‘செல்’ என்னும் இரண்டு கட்டளைகளும் இங்குக் காலடியின் மொழியாக மாறிவிட்டன. மஞ்சள் நிறமும் அழகுக்காக அமைந்ததன்று. சிறிதளவு பார்வை எஞ்சியிருப்போர்க்கு அது வழிகாட்டுகிறது.

சாலையைக் கடக்கும் நேரத்தை உணர்த்த ஒலிக்குறிகள் உள்ளன. சப்பானிய நகரங்களில் ஒரு திசைக்குக் குயிலோசையும் மற்றொரு திசைக்குக் குஞ்சுப்பறவை ஓசையும் எழும். எத்திசையில் வழி திறந்துள்ளது என்பதை ஓசையின் வேறுபாட்டால் அறியலாம். கண்ணும் செவியும் ஒருங்கே இழந்தோர்க்கும் ஒரு வழி காணப்பட்டுள்ளது. பிரித்தானியாவில் பாதசாரிகள் அழுத்தும் பொத்தான் பெட்டியின் அடியில் சிறு கூம்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். நடப்பதற்குரிய பச்சை விளக்கு எரியும்போது அக்கூம்பு சுழலும். விரலால் அதனைப் பற்றி நிற்பவர், சுழற்சியை உணர்ந்த அளவில் சாலையைக் கடக்கலாம். விரல்நுனி அளவே உள்ள அக்கருவி, நம் வினாவுக்குப் பெரியதொரு விடையைத் தருகிறது. குழந்தையிடம் எப்புலன் உள்ளதோ அப்புலனைத் தேடிச் சென்று பேசுவதே சாலையின் கடமை என்பதே அவ்விடை.

நம் ஊர்களிலும் மஞ்சள் ஓடுகள் பதிக்கப்பட்டு வருகின்றன. ஆயின் அவை மின்கம்பத்தில் சென்று முட்டுவதும், மரத்தடியில் மறைவதும், தள்ளுவண்டிக்கும் இருசக்கர வண்டிக்கும் நிறுத்துமிடமாவதும் காணக்கூடியனவே. தவறான பலகை பயனற்றது. தவறான ஓடோ பொய் சொல்வது. அதனை நம்பி அடியெடுத்து வைப்பவர் ஒரு குழந்தை என்பதை ஓடு பதிப்போர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒலியிழந்த ஊர்திகள்

பார்வையற்ற சிறார்க்கு ஊர்தியின் இயல்பான இரைச்சலே இதுகாறும் துணையாக இருந்தது. ஊர்தி எத்திசையிலிருந்து வருகிறது, நெருங்குகிறதா, விலகுகிறதா, நின்றுவிட்டதா என்பவற்றை அவர்கள் செவியாலேயே அளந்தனர். மின்னூர்திகள் பெருகிவரும் இக்காலத்தில் அத்துணை குறைந்து வருகிறது. குறைந்த வேகத்தில் செல்லும் மின்னூர்தி ஓசையின்றி அருகில் வந்துவிடும். புகை குறைந்தது நன்றே. இரைச்சல் குறைந்ததும் நன்றே. எனினும் ஒருவர்க்கு நன்மையாவது மற்றொருவர்க்கு இடராகலாம் என்பதை இது காட்டுகிறது.

இதனை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், 2021ஆம் ஆண்டு சூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய மின்னூர்திகளும் கலப்பின ஊர்திகளும் குறைந்த வேகத்தில் செல்லும்போது தாமே ஒலியெழுப்பும் கருவியைக் கொண்டிருக்க வேண்டும் என விதித்தது. இந்திய அரசும் 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தகைய வரைவு விதியொன்றை வெளியிட்டது. இவ்வொலி ஹாரனைப் போன்று ‘விலகு’ என்று ஆணையிடுவதன்று. ‘நான் இங்கிருக்கிறேன்’ என்று தன்னிருப்பை அறிவிப்பது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது.

வேகத்தின் கணக்கு

எத்துணைக் குறிகளும் ஒலிகளும் இருப்பினும், இறுதியில் குழந்தையைக் காப்பது ஊர்தியின் வேகமே. இதனை எளிய கணக்கால் விளக்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடும். இடரைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடியாகும் என்று கொள்வோம். அதற்குள் 14 மீட்டர் கழிந்துவிடும். உலர்ந்த நல்ல சாலையில் ஊர்தி நிற்க மேலும் 14 மீட்டர் வேண்டும். ஆக 28 மீட்டர். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டராயின், மிதிக்குமுன் 8 மீட்டரும் மிதித்தபின் 5 மீட்டருமாக 13 மீட்டரில் ஊர்தி நின்றுவிடும்.

பதினைந்து மீட்டர் தொலைவில் குழந்தையொன்று சாலையில் இறங்குகிறது எனக் கொள்வோம். முப்பது கிலோமீட்டரில் வந்தவர் குழந்தைக்கு முன்னே நின்று, பெருமூச்சு விட்டுப் புறப்படுவார். ஐம்பதில் வந்தவரோ பிரேக்கில் கால் வைக்கும்போதே குழந்தையின் அருகில் இருப்பார். வாகனத்தின் ஓசை கேட்டு ஓடி விலகும் வாய்ப்பு ஏனைய குழந்தைகட்கு ஓரளவு உண்டு. செவிகேளாக் குழந்தைக்கு அதுவும் இல்லை. எனவே பள்ளிப் பலகையைக் கண்டவுடன் ஓட்டுநரின் கால் செய்ய வேண்டிய செயல் யாது என்பதை இக்கணக்கே சொல்லும்.

சட்டமும் நடைமுறையும்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்றும், அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்றும் ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் பாதசாரி. காணவும் கேட்கவும் இயன்றோர்க்கே இந்நிலை எனின், இயலாச் சிறாரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

சட்டம் இவர்களை மறந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, சிக்னல் விளக்குகளில் பார்வையற்றோர்க்கான ஒலிக்குறி, பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகளின்மீது காலால் உணரத்தக்க மேடு, தக்க இடங்களில் எச்சரிக்கைக் குறி ஆகியவற்றை அன்றே சொல்லிற்று. ஆயின், அரசின் பொருளியல் எல்லைக்குட்பட்டு என்னும் அடைமொழியும் அதனோடு சேர்ந்திருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இவர்கள் அணுகத்தக்க சாலைகளை அமைத்தலை அரசின் பொறுப்பாக்கியது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012ஆம் ஆண்டு தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் கூறே என்று 2025ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் உரைத்தது. அந்நடைபாதை மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக அமைதல் வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

தமிழகத்தில் பாளையங்கோட்டை நகர், பார்வையற்றோர் பள்ளியையும் செவிகேளாதோர் பள்ளியையும் நூறாண்டுக்கு மேலாகத் தன்னகத்தே கொண்டுள்ளது. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியவை. அவை தோன்றிய காலத்தில் அவ்வூர்த் தெருக்களில் மோட்டார் ஊர்திகள் ஓடவில்லை. தெருவுக்கு முன்னே வந்தவர்கள் அப்பிள்ளைகள். பின்னே வந்தவை ஊர்திகள். பின்வந்தவை முன்வந்தோரைப் பார்த்து ‘விலகு’ என்று கூவுதல் எவ்வகையில் முறையாகும்?

நாம் செய்யத்தக்கன

சாலையும் சட்டமும் திருந்தும்வரை குழந்தைகள் காத்திருக்க இயலாது. நாளைக் காலையும் அவர்கள் பள்ளிக்குச் சென்றாக வேண்டும். ஆதலின் அவர்கட்குத் தனித்தனியே உரிய பயிற்சி வேண்டும்.

செவிகேளாக் குழந்தைக்குக் கண்ணே செவி. நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் ஊர்திகளைக் காணுமாறு வலப்புறமாக நடக்க அதற்குக் கற்பித்தல் வேண்டும். சாலையைக் கடக்குமுன் வலம், இடம், மீண்டும் வலம் என நோக்குதலோடு, ஊர்தி நின்ற பின்னும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, அவர் தன்னைக் கண்டார் என்பதை உறுதி செய்துகொள்ளப் பழக்குதல் வேண்டும். செவித்துணைக் கருவி ஒலியைப் பெருக்கிக் காட்டினும், அவ்வொலி வரும் திசையை எப்போதும் தெளிவாகக் காட்டுவதில்லை. ஆதலின் கருவி அணிந்த குழந்தையும் கண்ணையே முதலாக நம்புதல் நன்று. பெரும்பாலோர் எண்ணாத மற்றொன்றும் உண்டு. செவிகேளாச் சிறார் கைகளால் பேசுவர். அப்பேச்சைக் கேட்கக் கண்கள் வேண்டும். நண்பனோடு பேசிக்கொண்டே சாலையைக் கடக்கும்போது, அவர்களின் கண்கள் சாலையில் இல்லை. சாலையோரம் வந்தவுடன் பேச்சை நிறுத்துதல், மறுபுறம் சேர்ந்தபின் தொடர்தல் என்னும் ஒழுங்கை இளமையிலேயே ஊட்டுதல் வேண்டும்.

பார்வையற்ற குழந்தைக்குக் கோலைப் பயன்படுத்தும் பயிற்சியை இளவயதிலேயே தொடங்குதல் நன்று. கோல் ஏந்துவதை இழிவென்று கருதிப் பிள்ளையின் கையைப் பற்றியே அழைத்துச் செல்லும் பெற்றோர், அன்பினால் தீங்கு செய்கின்றனர். அப்பிள்ளை என்றேனும் ஒருநாள் தனியே நடந்தாக வேண்டும். உதவ முன்வருவோரும் அவர்களைப் பின்னிருந்து தள்ளுதல், கோலைப் பிடித்து இழுத்தல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். ‘உதவட்டுமா?’ என்று கேட்டு, நம் முழங்கைக்கு மேற்பகுதியை அவர்கள் பற்றிக்கொள்ளச் செய்து, அரையடி முன்னே நடப்பதே முறையாகும். மழைநாளில் நீரின் ஓசை ஊர்தியின் ஓசையை மறைக்கும். அன்று அவர்கட்கு உதவி இருமடங்கு வேண்டும்.

கல்லூரி மாணவராகிய நமக்கும் இதில் பங்குண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் மரம் நடுகிறோம். தெருவைத் தூய்மை செய்கிறோம். அவற்றோடு நம் ஊர்ப் பள்ளிப் பலகைகளை மறைக்கும் கிளைகளைக் களையலாம், சுவரொட்டிகளை அகற்றலாம், மஞ்சள் ஓடுகளின்மேல் வண்டி நிறுத்தாதிருக்கலாம், நான்கு கரும்புள்ளிகளின் பொருளை நான்கு பேருக்குச் சொல்லலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. சிறிது மனம் வேண்டும்.

முடிவுரை

எச்சரிக்கைப் பலகை வேண்டா என்பது நம் கருத்தன்று. பலகை வேண்டும்; அதன் பொருளை ஓட்டுநர் அறிதலும் வேண்டும். சாலை காலோடும் கையோடும் செவியோடும் பேசுதல் வேண்டும். குழந்தையும் தன்னிடமுள்ள புலன்களைக் கூர்மையாக்கிக் கொள்ளுதல் வேண்டும். ஆயினும் இவற்றுள் முதற்பொறுப்பு எவருடையது என்பதில் ஐயமில்லை. இடரைக் கொண்டு வருபவர் எவரோ அவரே முதலில் கவனித்தல் வேண்டும். பத்து வயதுச் சிறுவனின் தோளில் புத்தகப் பையை ஏற்றலாம். அப்பொறுப்பையும் ஏற்றுதல் அறமன்று.

பேருந்து நிறுத்தத்தில் நாம் கண்ட அச்சிறுவன் இன்று இளைஞனாக வளர்ந்திருப்பான். அவன் காதைத் தொட்டுக் காட்டிய கையசைவை நாம் மறக்கவில்லை. அவ்வோட்டுநரும் மறந்திருக்க மாட்டார் என நம்புகிறோம். இனித் தொடக்கப் பள்ளியில் ‘நில், கவனி, செல்’ என்று பிள்ளைகட்குக் கற்பிக்கும்போது, அப்பாடத்தின் நடுச்சொல் ஓட்டுநர் இருக்கையில் அமர்வோர்க்கே முதலில் உரியது என்பதையும் சேர்த்தே கற்பிப்போமாக.